முகலாய பாதுஷா எந்த நியாயத்தில் ஆண்டார்?

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “முகலாயப் பேரரசில் பெரும்பாலான குடிமக்கள் முஸ்லிம்கள் இல்லை. ஷரியாவின்படி ஆண்டார்கள் என்கிறார்கள் சிலர். அக்பர் மதச்சார்பின்மையைக் கொண்டுவந்தார், ஔரங்கசீப் அதைக் கெடுத்தார் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? அவர்களுக்கென்று ஓர் அரசியல் சிந்தனை இருந்ததா, இல்லை வெறும் வாள் பலம்தானா? பேரரசு நொடிந்த பிறகு அந்தச் சிந்தனை என்ன ஆயிற்று?”

கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். அக்பர் நல்லவரா, ஔரங்கசீப் கெட்டவரா என்று நீங்கள் கேட்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. தன் மதத்தைச் சேராத கோடிக்கணக்கான பேரை ஆள்கிற ஒருவன், “நான் ஆள்வதும் நீ வரி கட்டுவதும் நியாயம்தான்” என்று எந்த வாதத்தை வைத்துச் சொன்னான், அந்த வாதம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. கல்லூரியில் இடைக்கால இந்திய வரலாற்றை 26 ஆண்டுகள் நடத்தியவன் நான். பாரசீகம் வாசிப்பேன், ஆனால் அகராதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கீழே வருவதில் பாதி மூலத்தைப் பார்த்துச் சொல்வது, பாதி மொழிபெயர்ப்பை நம்பிச் சொல்வது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நூல்களெல்லாம் அரசவையிலும் அதைச் சுற்றியும் இருந்தவர்கள் எழுதியவை. ஏர் ஓட்டியவன் பாதுஷாவைப் பற்றி என்ன நினைத்தான் என்பதை அவற்றிலிருந்து எடுக்க முடியாது.

முகலாயர்களிலிருந்து தொடங்கினால் பாதிக் கதை விட்டுப்போகும். டில்லி சுல்தான்கள் காலத்திலேயே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. அதை மூடி மறைக்காமல் எழுதியவர் ஜியாவுதீன் பரணி. முகமது பின் துக்ளக்கின் அவையில் 17 ஆண்டுகள் இருந்துவிட்டு, அடுத்த சுல்தான் காலத்தில் வறுமையில் வாடி, 1350களில் எழுதியவர். அவர் சொல்லும் ஒரு காட்சி: சுல்தான் ஜலாலுதீன் கில்ஜி அலுத்துக்கொள்கிறார். தினமும் என் அரண்மனைக்குக் கீழேயே சங்கு ஊதிக்கொண்டும் மேளம் அடித்துக்கொண்டும் யமுனைக்குப் போய் விக்கிரகத்தைக் கும்பிட்டு வருகிறார்கள், இதில் நான் என்ன இஸ்லாமிய அரசன் என்கிறார். இன்னொரு காட்சியில், இந்துக்களைக் கடுமையாக நடத்தச் சொல்லி சுல்தான் இல்துத்மிஷிடம் உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், வருகிறார்கள். வஜீர், அதாவது அமைச்சர், பதில் சொல்கிறார்: இப்போதைக்கு நாம் பெரிய உணவுத்தட்டில் உப்பு அளவுதான் இருக்கிறோம், அது நடக்கிற காரியம் இல்லை. இந்த உரையாடல்கள் வார்த்தைக்கு வார்த்தை நடந்தவையா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். பரணி கதாபாத்திரங்களின் வாயில் தன் வாதத்தை வைக்கக்கூடியவர். ஆனால் 14ஆம் நூற்றாண்டு டில்லியில் படித்த ஒரு முஸ்லிமின் மனத்தை இந்தச் சிக்கல் அரித்துக்கொண்டிருந்தது என்பதற்கு இவை நல்ல சாட்சி.

பரணியின் முடிவு கசப்பானது. தீன்தாரி வேறு, ஜஹான்தாரி வேறு. மார்க்கத்தைப் பேணுவது ஒரு காரியம், உலகை ஆள்வது வேறொரு காரியம். இறைத்தூதர் வாழ்ந்த எளிமையோடு அரசாட்சி நடத்த முடியாது. ஆடம்பரமும் அச்சமும் இல்லாத அரசனுக்கு யாரும் அடங்க மாட்டார்கள். எனவே அரசன் தானே சட்டங்கள் போட வேண்டும். அவற்றை அவர் ‘சவாபித்’ என்கிறார், அரச விதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு, “ஆகா, அப்போதே மதத்தையும் அரசையும் பிரித்துவிட்டார்” என்று மாணவர்கள் உற்சாகப்படுவார்கள். அவசரம் வேண்டாம் என்பேன். அதே பரணி, கீழ்க்குலத்தில் பிறந்தவனுக்குப் பதவி கொடுக்கவே கூடாது, அவனுக்கு எழுத்தறிவும் கொடுக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியவர். டில்லியில் இந்துக்கள் வசதியாக வாழ்வது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் கண்டது சமரசத்தை இல்லை. ஒரு பாவத்தைக் கண்டார், அதைச் செய்யாமல் ஆள முடியாது என்றும் கண்டார்.

முகலாயர்கள் பிடித்துக்கொண்ட சரடு வேறு. என் அனுபவத்தில் நம் பாடப்புத்தகங்கள் கிட்டத்தட்ட தொடாமலே விடுவது இதைத்தான். பாரசீகத்தில் ‘அக்லாக்’ நூல்கள் என்று ஒரு வகை உண்டு. ஒழுக்கம், இல்லறம், அரசு மூன்றையும் ஒரே தொடர்ச்சியாகப் பேசும் நூல்கள். அவற்றில் தலையாயது நசீருத்தீன் தூசி 1235 வாக்கில் எழுதிய ‘அக்லாக்-இ-நாசிரி’. தூசி வானியலாளர், கணிதர், ஷியா. நூலை எழுதியது ஓர் இஸ்மாயிலி ஆளுநரின் ஆதரவில். பிறகு மங்கோலிய ஹுலாகுவிடம் போய்ச் சேர்ந்தவர். நூலின் அடித்தளமோ அரிஸ்டாட்டில். கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்து, மிஸ்கவைஹ் என்ற அறிஞர் வழியாகத் தூசியின் கைக்கு வந்த சரக்கு. அதில் அரசனின் வேலை வைத்தியனின் வேலை மாதிரி. உடம்பில் ஒரு தோஷம் மிஞ்சினால் நோய் வருவதுபோல, சமூகத்தில் ஒரு வகுப்பு மற்றொன்றை மிஞ்சினால் அரசு நோய்ப்படும். பேனாக்காரர்கள் தண்ணீர், வாள்காரர்கள் நெருப்பு, வணிகர்கள் காற்று, உழவர்கள் மண். நான்கையும் அளவோடு வைத்திருப்பதற்குப் பெயர் ‘அத்ல்’, அதாவது நீதி. நீதி என்றால் சமநிலை.

இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மனிதர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் சரியாக நடக்க மூன்று ‘நாமூஸ்’ தேவை என்கிறார் தூசி. சட்டத்தைக் குறிக்கும் ‘நோமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்தான் இப்படி ஆகியிருக்கிறது. முதலாவது இறைவனின் சட்டம், இரண்டாவது அரசன், மூன்றாவது பணம். தச்சனின் உழைப்பையும் சாயக்காரனின் உழைப்பையும் ஒப்பிட்டுச் சரிக்கட்டுவது காசு, அது பேசாத நீதிபதி. காசால் தீர்க்க முடியாத வழக்குக்குப் பேசும் நீதிபதி வேண்டும், அவன்தான் அரசன். இந்த ஏற்பாட்டில் குடிமகன் எந்த மதம் என்ற கேள்வியே எழவில்லை, கவனித்தீர்களா? தூசி மதத்தை மறுக்கவில்லை, முதல் இடம் அதற்குத்தான். ஆனால் அரசு நியாயமானதா என்று அளக்கும் கோல் சமநிலைதான்.

இது ஏட்டோடு நின்ற விஷயமும் இல்லை. 1258இல் பாக்தாத் ஹுலாகுவிடம் விழுந்தது. ஹுலாகு உலமாக்களைக் கூட்டி ஒரு கேள்வி கேட்டதாக ‘அல்-ஃபக்ரி’ என்ற அரபு நூல் சொல்கிறது: நீதியுள்ள காஃபிர் அரசன் மேலா, அநீதியான முஸ்லிம் அரசன் மேலா? எல்லோரும் தயங்கினார்களாம். இப்னு தாவூஸ் என்ற ஷியா அறிஞர் காகிதத்தை வாங்கி, நீதியுள்ளவனே மேல் என்று முதலில் கையெழுத்திட்டாராம். கழுத்தில் கத்தி இருக்கும்போது போட்ட கையெழுத்து என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் கருத்து புதிதல்ல. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே செல்ஜுக் வஜீர் நிஜாமுல் முல்க், இறைமறுப்போடு அரசு நிலைக்கும், கொடுமையோடு நிலைக்காது என்ற வாக்கை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

பாபர் 1526இல் பானிப்பட்டில் வென்றபோது அவரோடு வந்தவை பீரங்கியும் இந்த நூல் மரபும் மட்டுமில்லை, செங்கிஸ்கான் வழிவந்த ‘தோரா’வும்தான். அது மங்கோலிய அரசவையின் நடைமுறை விதி. பாபர் தன் நினைவுக் குறிப்புகளில் அதைப் பற்றி எழுதுவது துல்லியமான வார்த்தை: செங்கிஸின் தோரா இறைவாக்கு அல்ல, கட்டாயம் பின்பற்ற வேண்டியதும் அல்ல, தகப்பன் நல்ல விதி வைத்துப்போனால் பின்பற்று, கெட்ட விதி என்றால் நல்லதாக மாற்றிக்கொள். அரசவிதி மனிதன் செய்தது, எனவே மாற்றலாம் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இனி அக்பர். அவரைப் பற்றி முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. 1568இல் ராஜஸ்தானின் சித்தூர் கோட்டை வீழ்ந்தபோது அக்பரின் கட்டளைப்படி உள்ளே இருந்தவர்கள் வெட்டப்பட்டார்கள். சுமார் 30,000 பேர் என்பது அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசலே தரும் கணக்கு. அடுத்த மாதம் அக்பர் பெயரில் வெளியான வெற்றி அறிக்கை முழுக்க ஜிஹாத் மொழியில் இருக்கிறது. காஃபிர்களை அழித்ததற்கு இறைவனுக்கு நன்றி சொல்கிறது. எனவே ‘பிறவியிலேயே பரந்த மனம் கொண்ட அக்பர்’ என்ற சித்திரத்தை விட்டுவிடுங்கள். பின்னாளில் அவரே, முன்பு ஆட்களை வற்புறுத்தி என் மார்க்கத்துக்கு இணங்க வைத்து அதையே இஸ்லாம் என்று நினைத்தேன், அறிவு வளர வளர வெட்கப்பட்டேன் என்று சொன்னதாக அபுல் ஃபசலின் ‘ஆயின்-இ-அக்பரி’ பதிந்திருக்கிறது. ஆனால் மாற்றம் எப்போது நடந்தது என்று தேதி குறிக்கப் போனால் வழுக்கும். முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டிய ஜிஸ்யா வரியை 1564இலேயே நீக்கினார் என்கிறார் அபுல் ஃபசல். பதாயூனியின் வரலாற்றில் அது 1579 வாக்கில் வருகிறது. இடையில் 15 ஆண்டு. முன்னவர் அக்பரைத் தூக்கிவைத்து எழுதியவர், பின்னவர் அக்பர்மேல் எரிச்சலோடு ரகசியமாக எழுதியவர். இந்த ஒரு விஷயத்தில் யாரை நம்புவது என்று எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை.

மாற்றத்துக்கு எண்ணெய் ஊற்றிய ஒரு வழக்கைப் பதாயூனி விவரமாகச் சொல்கிறார். மதுராவில் காஜி (நீதிபதி) ஒருவர் மசூதி கட்டச் சேர்த்து வைத்த கல்லையும் மரத்தையும் ஒரு பணக்காரப் பிராமணர் எடுத்துக் கோயில் கட்டிவிட்டார். தட்டிக்கேட்டபோது நபியை ஏசினார் என்பது குற்றச்சாட்டு. வழக்கு அரசவை மட்டத்துக்கு ஏறுகிறது. மார்க்க விவகாரங்களுக்குத் தலைவரான சதர் அப்துந் நபி, அக்பரிடம் மரணதண்டனைக்கு அனுமதி கேட்கிறார். அக்பர் நேராகப் பதில் சொல்லாமல், ஷரியா தண்டனை உங்கள் பொறுப்பு, என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று நழுவுகிறார். அந்தப்புரப் பெண்கள் பிராமணருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். ஒரு நாள் அப்துந் நபி தலையை எடுத்துவிடுகிறார். அக்பருக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு அவையில் நடந்த விவாதம்தான் முக்கியம். இமாம் அபூ ஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபி சட்டத்தின்படியே பார்த்தாலும் இந்தக் குற்றத்துக்காகப் பாதுகாப்பில் உள்ள மாற்று மதத்தவரைக் கொல்ல வேண்டியதில்லை, அபூ ஹனீஃபாவின் வம்சம் என்று சொல்லிக்கொள்பவரே அவருக்கு எதிராகப் போய்விட்டாரே என்று எடுத்துக் கொடுத்தார்கள். அபுல் ஃபசலின் தகப்பனார் ஷேக் முபாரக், நீங்களே இக்காலத்தின் இமாம், இவர்கள் தயவு உங்களுக்கு எதற்கு என்றார்.

அதன் விளைவுதான் 1579இன் ‘மஹ்சர்’. பெரிய உலமாக்கள் கையெழுத்திட்ட ஒரு சாசனம். சட்ட அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால், மக்கள் நன்மையைக் கருதி ஏதாவது ஒரு கருத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் நீதியுள்ள சுல்தானுக்கு உண்டு, அவர் தகுதி முஜ்தஹிதின் (மார்க்கச் சட்டத்தைத் தானே ஆய்ந்து முடிவு சொல்லும் அறிஞரின்) தகுதிக்கு மேல் என்கிறது. அக்பர் தன்னைப் போப்பாண்டவர் ஆக்கிக்கொண்டார் என்று சில பழைய நூல்கள் எழுதிவிட்டன. சாசனத்தைப் படித்தால் அப்படி இல்லை. குர்ஆனுக்கு முரணாகப் போகக்கூடாது என்ற வரம்பு அதிலேயே இருக்கிறது. ஷரியாவை அது ஒதுக்கவில்லை. ஷரியாவை விளக்கிச் சொல்லும் கடைசி வார்த்தை யாருடையது என்பதைத்தான் முடிவு கட்டியது. அரசியல் சிந்தனையில் பாதிச் சண்டை அதுதானே.

மீதிப் பாதியை எழுதியவர் அபுல் ஃபசல். அவர் தூசியைக் கரைத்துக் குடித்தவர். ‘அக்லாக்-இ-நாசிரி’ அக்பருக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டப்பட்ட நூல்களில் ஒன்று என்று அவரே குறித்திருக்கிறார். தூசியின் நான்கு வகுப்புகளை எடுத்து வரிசையைக் கமுக்கமாக மாற்றுகிறார் பாருங்கள். தூசியிடம் முதலில் நின்ற பேனாக்காரர்கள் மூன்றாம் இடத்துக்கு இறங்குகிறார்கள். படைவீரர்கள் முதலிடத்துக்கு வருகிறார்கள். கற்றோர் என்று யார் யாரைச் சொல்கிறார்? தத்துவஞானி, வைத்தியர், கணக்கறிஞர், வடிவியல் அறிஞர், வானியலாளர். காஜியும் முல்லாவும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லப்படவே இல்லை. இதை வகுப்பில் படித்துக் காட்டும்போது, யாரையும் திட்டாமலே ஒருவர் எவ்வளவு திட்ட முடியும் என்று சொல்லிச் சிரிப்பேன்.

அவருடைய வாதத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று, அரசத்தன்மை என்பது இறைவனிடமிருந்து வரும் ஒளி, சூரியனின் கதிர், ‘ஃபர்ர்-இ-இசதி’. இடையில் யாருடைய தயவும் இல்லாமல் நேரே அரசன்மேல் விழுவது. இது இஸ்லாத்துக்கு முந்திய ஈரானியக் கருத்து. இன்னொன்று ஆச்சரியமாக உலகியல் சார்ந்தது. அரசன் குடிகளின் உயிர், உடைமை, மானம், மார்க்கம் என்ற நான்கையும் காக்கிறான், வரி அதற்கான கூலி. மார்க்கத்தைக் காப்பது என்று அவர் சொல்லும்போது அவரவர் மார்க்கத்தை என்று பொருள். சமூக ஒப்பந்தம் என்று இதை ஐரோப்பியப் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். கூலி பேசியாயிற்று, சரி. ஆனால் வேலை சரியில்லை என்றால் வேலையாளை நீக்க குடிமகனுக்கு அவர் எந்த வழியும் வைக்கவில்லை.

‘சுல்ஹ்-இ-குல்’ இங்கேதான் வந்து உட்காருகிறது. சுல்ஹ் என்றால் சமாதானம், குல் என்றால் எல்லாம். முதலில் அது சூஃபி சாதகனின் உள்மனநிலை: யாரோடும் பகையில்லாமல் இருத்தல். எல்லா இருப்பும் ஒன்றே என்ற இப்னு அரபியின் சிந்தனையில் அதற்கு வேர் உண்டு. அபுல் ஃபசல் அதை அரசனின் குணமாக்கினார். இது சட்டமா, கொள்கையா, வெறும் அவைப் புகழ்ச்சியா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ‘இன்று முதல் சுல்ஹ்-இ-குல் அமல்’ என்று ஓர் ஆணை போட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அது ஏட்டுச்சொல் மட்டுமில்லை என்பதற்கு ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்பு சாட்சி. ஈரானில் ஷியாக்களுக்கு மட்டும் இடம், துருக்கியிலும் தூரானிலும் (நடு ஆசியா) சுன்னிகளுக்கு மட்டும் இடம், என் தந்தையின் நாட்டில் சுன்னியும் ஷியாவும் ஒரே மசூதியில், பரங்கியரும் யூதரும் ஒரே ஆலயத்தில் என்று பெருமைப்படுகிறார். ஓர் அரசன் தன் நாட்டை அண்டை நாடுகளோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட இதைத் தேர்ந்தெடுத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே ஜஹாங்கீர், பட்டம் ஏறிய அடுத்த ஆண்டே, 1606இல், சீக்கிய குரு அர்ஜன் தேவுக்கு மரணதண்டனை விதித்தவர். கலகம் செய்த தன் மகன் குஸ்ரோவுக்கு குரு ஆசி வழங்கினார் என்பது காரணம். அபுல் ஃபசலை 1602இல் ஆள் வைத்துக் கொன்றவரும் அதே ஜஹாங்கீர்தான், அப்போது இளவரசர் சலீம்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏற்காமல் போகலாம். முகலாயச் சகிப்பு குடிமகனின் உரிமையிலிருந்து கிளைத்ததல்ல. அரசனின் எல்லையற்ற உயரத்திலிருந்து கிளைத்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் சுன்னியும் ஷியாவும் பிராமணரும் ஜைனரும் ஒரே அளவாகத் தெரிவார்கள். எல்லோரும் சமம் என்பது எல்லோரும் பாதுஷாவுக்குக் கீழே சமம் என்றுதான். அதனால்தான் சகிப்பும் எதேச்சாதிகாரமும் அங்கே ஒன்றையொன்று மோதாமல் வாழ்ந்தன. ஆக்ரா கோட்டையிலிருந்து ஆற்றங்கரை வரை ஜஹாங்கீர் தொங்கவிட்ட நீதிச் சங்கிலி இதற்கு நல்ல உருவம். பொன்னால் செய்தது, 30 கஜ நீளம், 60 மணிகள் என்று அவரே எழுதுகிறார். யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், நேரே அரசனுக்குக் கேட்கும். சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறவர் சொல்வதற்கு மேல்முறையீடு கிடையாது.

‘தீன்-இ-இலாஹி’ பற்றிக் கேட்காமலே பலர் எழுதுவதால் ஒரு வார்த்தை. அக்பர் புதிய மதம் ஒன்றைத் தொடங்கினார் என்பது மிகைப்படுத்தல். ஒரு சூஃபி குருவைச் சுற்றிச் சீடர்கள் சேர்வதுபோல, அரசனைச் சுற்றித் தேர்ந்தெடுத்த சில பிரபுக்களின் வட்டம் அது. பெயர் தெரிந்த உறுப்பினர்கள் 20ஐத் தாண்டவில்லை. அவர்களில் இந்து பீர்பல் ஒருவர்தான். ராஜா மான்சிங்கைச் சேரச் சொன்னபோது அவர் சொன்ன பதிலைப் பதாயூனி பதிந்திருக்கிறார்: சீடனாவது என்றால் உயிரைத் தரத் தயாராக இருப்பது என்றால் அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறேன், வேறு அர்த்தம் என்றால் நான் இந்து, சொன்னால் முஸ்லிம் ஆகிறேன், இந்த இரண்டைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. அக்பர் அதோடு விட்டுவிட்டார். 

இந்தச் சிந்தனை பாதுஷாக்களின் தலையில் மட்டும் இருந்திருந்தால் ஆள் மாறியதும் கரைந்திருக்கும். அது தங்கியது முன்ஷிகளிடம், அதாவது அலுவலகக் கணக்கும் கடிதமும் எழுதியவர்களிடம். லாகூரைச் சேர்ந்த சந்தர் பான் பிராமணர் ஷாஜஹானின் அவையில் முன்ஷி. மகனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: நல்ல முன்ஷியாக வேண்டுமானால் ‘அக்லாக்-இ-நாசிரி’யையும் ‘அக்லாக்-இ-ஜலாலி’யையும், பாரசீகக் கவிஞர் சாதியின் ‘குலிஸ்தான்’, ‘போஸ்தான்’ இரண்டையும் எப்போதும் வாசி. பூணூல் போட்ட ஒரு தகப்பன், ஷியா அறிஞர் அரிஸ்டாட்டிலை வைத்து எழுதிய நூலை, பிழைப்புக்கான வழியென்றும் ஒழுக்கத்துக்கான வழியென்றும் மகனுக்குச் சிபாரிசு செய்கிறார். அவருக்கு அதில் எந்த முரணும் தெரிந்த மாதிரி இல்லை. கலெக்டர் ஆபீசில் இன்று நாம் சொல்லும் ஜமாபந்தி, தாசில்தார், வசூல், பாக்கி எல்லாம் இந்த முன்ஷி உலகத்தின் மிச்சம்தான்.

ஔரங்கசீப் இந்தச் சரட்டை அறுத்தாரா? அவருக்கு ஷரியா ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதை 1658இலிருந்து பார்க்க வேண்டும். தகப்பன் ஷாஜஹான் உயிரோடு சிறையில் இருக்கிறார். தகப்பன் இருக்கையில் மகன் பெயரில் குத்பா (வெள்ளித் தொழுகை உரை) ஓத முடியாது என்று தலைமைக் காஜி மறுக்கிறார். அப்துல் வஹாப் என்ற சட்ட அறிஞர், ஷாஜஹான் ஆளும் திராணி இழந்துவிட்டார் என்று வாதம் கண்டுபிடித்துக் கொடுத்து அந்தப் பதவிக்கே வருகிறார். உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த அண்ணன் தாராவை 1659இல் மதவிரோதி என்று சொல்லிக் கொல்கிறார்கள். ஒளி நேரே தலையில் விழுந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாதவருக்குச் சட்டப்புத்தகம் வேண்டியிருந்தது. ஹனஃபி சட்டத்தைத் தொகுத்த ‘ஃபத்வா-இ-ஆலம்கீரி’ அவர் செலவில் உருவானது. பக்தி உண்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அது உண்மையாகவே தோன்றுகிறது. பக்தியும் தேவையும் ஒரே பக்கம் இழுத்தன.

1669, 1670இல் காசி விசுவநாதர் கோயிலும் மதுரா கேசவராயர் கோயிலும் இடிக்கப்பட்டதும், 1679இல் ஜிஸ்யா திரும்பி வந்ததும் மறுக்க முடியாத உண்மைகள். டில்லியில் கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் நடுவே மக்கள் கூடி வழிமறித்ததையும், யானைகளை விட்டு மிதிக்க வைத்ததையும் வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியிருக்கிறார். அதே சமயம் அரசுச் சேவையில் இருந்த இந்துக்களுக்கு ஜிஸ்யா கிடையாது. 1,000 மன்சப்பும் (அரசுப் பதவியின் தர எண்) அதற்கு மேலும் பெற்ற பிரபுக்களில் இந்துக்களின் பங்கு, வரலாற்றாசிரியர் அத்தர் அலியின் கணக்குப்படி, 1658–78இல் 21.6 சதவீதம், 1679–1707இல் 31.6 சதவீதம். கூடியதில் பெரும்பங்கு மராட்டியர். தக்காணப் போருக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். கொள்கை ஒரு பக்கம் போக, பேரரசை ஓட்டும் இயந்திரம் இன்னொரு பக்கம் போனது. “ஔரங்கசீப் வந்ததும் எல்லாம் மாறியது” என்பவரிடமும், “எதுவுமே மாறவில்லை” என்பவரிடமும் நான் காட்டுவது இந்த இரண்டு சதவீதங்களையும் அந்த யானைகளையும் சேர்த்துத்தான்.

வாட்ஸப்பில் சுற்றும் சில ‘ஆதாரங்கள்’ பற்றியும் சொல்ல வேண்டும். பசுவதை செய்யாதே, கோயிலை இடிக்காதே என்று பாபர் ஹுமாயூனுக்கு எழுதிய உயில் போலி என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. பாபரைப் புகழ அதைப் பயன்படுத்தாதீர்கள். “உலக காரியத்துக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம், உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு” என்று ஔரங்கசீப் ஒரு மனுவில் எழுதியதாக ஒரு தொகுப்பில் வருகிறது. அந்தத் தொகுப்பின் நம்பகத்தன்மையே கேள்விக்குரியது. அதன்மேல் வீடு கட்ட மாட்டேன். மூன்றாவது, ஜிஸ்யாவை எதிர்த்து ஔரங்கசீப்புக்குப் போன கடிதம். சிவாஜியுடையது என்பவர்கள் பலர். மேவார் ராணா ராஜ்சிங்குடையது என்ற வழக்கும் உண்டு. எழுதியவர் யாரானாலும் உள்ளடக்கம் நம் கேள்விக்கு நேரடிப் பதில். குர்ஆனில் இறைவன் ‘ரப்புல் ஆலமீன்’, அனைத்துலகத்தின் அதிபதி, ‘ரப்புல் முஸ்லிமீன்’ அல்ல என்கிறது கடிதம். மசூதியில் பாங்கு அவனை நினைத்து, கோயிலில் மணி அவனுக்காக ஏங்கி. உங்கள் பூட்டன் அக்பர் சுல்ஹ்-இ-குல் நடத்தி ஜகத்குரு என்று பெயர் எடுத்தாரே என்றும் கேட்கிறது. முகலாயரை எதிர்த்து வாள் எடுத்தவர் பக்கத்தில் யாரோ முகலாயரின் சொந்த வாதத்தையே, முகலாயரின் சொந்த மொழியில், அவர்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். அரசியல் சிந்தனை என்று ஒன்று இருந்ததா என்றீர்களே, எதிராளியும் எடுத்துப் பேசுகிற அளவுக்கு இருந்தது.

கடைசியாக, பேரரசு நொடிந்த பிறகு என்ன ஆயிற்று என்பது. ஜிஸ்யாவை 1713இல் ஃபரூக்சியார் நீக்கினார், இடையில் திரும்பி வந்து, 1720இல் முகமது ஷா காலத்தில் மறுபடி போயிற்று. பாதுஷாவின் கையில் டில்லியே இல்லாத காலத்திலும் அவர் பெயர் இல்லாமல் ஆளப் பலர் துணியவில்லை. என் மேசை இழுப்பறையில் ஓர் ஆற்காடு ரூபாய் கிடக்கிறது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது, தாமரைக் குறி இருக்கிறது. அதில் பாரசீக எழுத்தில் பாதுஷா இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் பொறித்திருக்கிறது. அவர் 1759இலேயே கொலையுண்டார். கம்பெனி அதே பெயரையும் அதே ஆண்டையும் மாற்றாமல் 19ஆம் நூற்றாண்டு வரை அச்சடித்துக்கொண்டே இருந்தது. தூசி சொன்ன பேசாத நீதிபதி கைக்குக் கை போய்க்கொண்டிருந்தார். பேசும் நீதிபதி இறந்துபோனது கடைத்தெருவில் யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததாகத் தெரியவில்லை.